குதிரை மட்டும் வந்தது

போன செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டு. பதிவுத் தபால் வந்திருக்கிறது, வீட்டில் ஆளில்லை, தபாலகத்துக்கு வந்து கையெழுத்து வைத்து எடுக்கவும் என்று எழுதியிருந்தது.

கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

பிரான்சில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'ரெக்கொமாந்தே' என்கிற இந்தப் பதிவுத் தபாலில் இந்த நாட்டில் யாருக்காவது நல்ல செய்தி வந்திருக்கிறதா? மறுநாள் காலை, நாங்கள் இருக்கிற கார்ஜ் ஊர்த் தபாலகத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஏழு பேரும் மெதுவாக முடிக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கடைசியில் கையெழுத்து வைத்துக் கவரை வாங்கி, வாசலில் நின்றே கிழித்தேன்.

எங்கள் கட்டடத்து உரிமையாளர் கூட்டத்துக்கு அழைப்பு. லிப்ட் திருத்துவது பற்றி.

கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றேன். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாம் முடிந்து இவ்வளவு காலமாகியும் ஒரு துண்டுத் தாளுக்கு ஏன் இந்த நடுக்கம்? காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. வாராவாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் எதையெல்லாமோ உங்களோடு பேசியிருக்கிறேன் — என் சமையல் தோல்விகள், மகளின் பிரெஞ்சுப் பதில்கள், மெற்றோவில் விட்டுவந்த குடைகள்... ஒன்றை மட்டும் பேசவில்லை.

இப்போது பேசலாம். இதில் சம்பந்தப்பட்ட ஒருவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவருடையதைப் போன்ற தொலைபேசிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தேடாதீர்கள்.

நான் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கடைத்தெருவில் நான் போகும்போது, "அங்கை போறா, காட்டுக்குள்ளை மோட்டச்சைக்கிள் ஓடுற மனிசி" என்று யாரோ யாருக்கோ காட்டிச் சொல்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. சமாதான காலத்தில் வன்னியில் சுகாதாரப் பகுதியில் வெளிக்கள வேலை பார்த்தேன். மண் பாதையில் ஓடப் பழகியது அப்போதுதான். பாரிசுக்கு வந்து வருடக்கணக்காக மெற்றோவில் கம்பியைப் பிடித்தபடி நின்று போய் வந்தேன். இங்கேயும் மண் பாதை இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் குகன் அண்ணை.

குகன் அண்ணைக்கு லா சப்பலில் தொலைபேசிக் கடை. ரூ காய் என்ற தெருவில் உள்ள எங்கள் சேலைக்கடையிலிருந்து கூப்பிடு தூரம். ஞாயிறு காலைகளில் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, உயரமான, முரட்டு ரயர் போட்ட ஒரு மோட்டார் சைக்கிளில் எங்கேயோ போய்ச் சேறு பூசிக்கொண்டு வருவார். ஒரு நாள் நானும் போனேன். அடுத்த மாதமே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். என் கணவர் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நல்ல ஹெல்மெட் எது என்று விசாரித்து வாங்கி வந்தார்.

நாங்கள் போனது பாரிசுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில், ஒரு சின்ன ஊருக்குச் சொந்தமான பொதுக் காட்டுக்கு. ஊரின் பெயர் வேண்டாம். காட்டுக்குள் ஆறு மண் பாதைகள். இலக்கத் தகடு உள்ள வாகனம் எதுவும் அவற்றில் போகலாம் என்று அப்போது இருந்தது. எங்களைப் போல இருபது இருபத்தைந்து பேருக்கு ஒரு சங்கம். தலைவர் பத்ரிக், தபால் வண்டிகள் திருத்தும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை வைத்த, அதிகம் பேசாத மனிதர்.

முதல் மாதத்திலேயே அவரிடம் ஒரு கதை சொல்ல வேண்டி வந்தது. நடுக்காட்டில் எனக்குச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. பற்றைக்குள் போய்விட்டு வா, நாங்கள் முன்னால் நிற்கிறோம் என்றார்கள். என்னால் போக முடியவில்லை. பாதையை விட்டு ஓர் அடி வெளியே வைக்கக் கால் மறுத்தது. வன்னியில் நான் வேலை செய்த இடங்களில் பாதை ஓரமெல்லாம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. கண்ணிவெடி. பாதையை விட்டு இறங்காதே என்பதுதான் அங்கே முதல் பாடம். அடுத்த ஊர்க் கபே வரை அடக்கிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். சிரித்துக்கொண்டு கேட்டவர்கள் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் பத்ரிக் அந்தக் கதையைச் சொல்வார், என்னை ஒரு வீராங்கனைபோல.

இனி அந்த ஞாயிறு.

ஒக்டோபர் மாதம். முதல் நாள் பெய்த மழையில் பாதை சொதசொதவென்று கிடந்தது. பத்ரிக் முன்னால் போய் மறைந்துவிட்டார். நடுவில் நான். பின்னால் குகன் அண்ணை. நான் வேகமாகத்தான் போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

ஒரு வளைவு. இரண்டு பக்கமும் இடுப்பளவு பன்னச்செடி. வளைவில் பின் சில்லு வழுக்கியது. சமாளிக்க அக்சிலேற்றரை முறுக்கினேன். எஞ்சின் அலறியது. அந்த அலறலுக்கு நடுவே வேறு ஏதோ ஒரு சத்தம் கேட்டது போலிருந்தது. பறவையாக இருக்கலாம். வளைவு தாண்டி நேரானேன்.

அப்போது பன்னச்செடிக்குள்ளிருந்து ஒரு குதிரை பாய்ந்து வந்தது. என் முன் சில்லுக்கு நாலைந்து அடி முன்னால் பாதையைக் குறுக்கே கடந்து மற்றப் பக்கம் மரங்களுக்குள் ஓடியது. சாம்பல் நிறக் குதிரை. முதுகில் சேணம் இருந்தது. கால் வைக்கிற இரும்பு வளையம் ஒன்று தொங்கி, அதன் வயிற்றில் அடித்துக்கொண்டே போனது.

சேணம் இருந்தது, ஆள் இல்லை.

நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்... ஒரு நிமிடம்கூட இராது. ஆனால் அந்த நேரத்துக்குள் என் தலைக்குள் ஓடியவை எத்தனை! ஜொந்தாம்கள் என்கிற ஊர்ப்புறப் பொலிஸ். விசாரணை. இன்சூரன்ஸ். நீதிமன்றம். உள்ளூர்ப் பத்திரிகையில் 'வெளிநாட்டுப் பெண்'. மகளின் முகம். கடைக்கு வருகிற சனங்களின் வாய். எல்லாம் வரிசையாக வந்தன. குதிரையிலிருந்து விழுந்தவர் மட்டும் அந்த வரிசையில் வரவில்லை.

குகன் அண்ணை வந்து பக்கத்தில் நிறுத்தினார். அவர் குதிரையின் வாலைக்கூடக் காணவில்லை.

"என்ன தங்கச்சி?"

"ஒண்டுமில்லை அண்ணை. வாங்கோ."

கிளம்பிவிட்டோம். காட்டு முடிவில் பத்ரிக் நின்றார். சான்ட்விச் சாப்பிட்டோம். நான் ஒரு பகிடிகூடச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளை இரண்டு தடவை கழுவினேன். சாதாரணமாக ஒரு தடவைதான் கழுவுவேன்.

இரண்டு நாள் கழித்து பத்ரிக் தொலைபேசியில் வந்தார். காட்டில் ஒரு பெண் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் குதிரை வெருண்டதாம். ஏதாவது கண்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு எதுவும் கேட்காமல் சரி என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஐந்து மாதம்.

பயம் என்றால் நெஞ்சு படபடப்பது என்று நினைத்திருந்தேன். அது முதல் வாரம் மட்டும்தான். பிறகு பயம் வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஜொந்தாம்களுடையது போல நீலக் கார் கண்டால் வேறு தெருவுக்குத் திரும்புவேன். கதவு மணி அடித்தால் அடுப்பை நிறுத்திவிட்டு மூச்சுப் பிடித்து நிற்பேன், ஆளில்லை என்று நினைத்துப் போகட்டும் என்று. தபால் பெட்டியின் திறப்பை மகளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். ஆபத்தில் கிடப்பவருக்கு உதவாமல் போவது இந்த நாட்டில் குற்றம். அதற்கு எத்தனை வருடம் தண்டனை என்று கணினியில் தேடினேன். தேடியதை அழித்தேன். அழித்தது தெரியுமோ என்று பயந்தேன்.

அந்த ஐந்து மாதமும் இதே இடத்தில் உங்களோடு வெயில் வரவில்லை, கறிவேப்பிலை வாடிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தேன். நீங்களும் நல்லாயிருக்கு என்று எழுதினீர்கள்.

கணவருக்கு மூன்றாம் வாரம் சொன்னேன். கடையில், ஆளில்லாத மத்தியானம். சேலை மடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "இதை இண்டையோடை மறந்துவிடும். ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். பிறகு மடித்த சேலையை விரித்து மறுபடி மடித்தார். அன்றிலிருந்து கடைக்குள் யாராவது பிரெஞ்சுக்காரர் நுழைந்தால் அவரும் திடுக்கிட்டு நிமிர்வார். என் பயத்தில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை, என்னுடையது அப்படியே இருந்தது. அவருக்குப் புதிதாக ஒன்று முளைத்திருந்தது, அவ்வளவுதான்.

மாசி மாதம் அந்த ஊர்ச் சபை — மெரி — ஓர் அறிவித்தல் விட்டது. ஆறு பாதைகளையும் மோட்டார் வாகனங்களுக்கு நிரந்தரமாக மூட யோசனை. பொதுக்கூட்டம் வைத்து எல்லாத் தரப்பையும் கேட்கப் போகிறார்கள். சங்கம் கொதித்தது. எதிர்த்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

எங்கள் சங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இதை இப்போதும் சொல்வேன். புயலில் விழுகிற மரங்களை வசந்த காலத்தில் வாள் கொண்டுபோய் அறுத்துப் பாதையைத் துப்புரவாக்கியவர்கள் நாங்கள்தான். வேட்டைக்காரர்களின் ஜீப் போகலாம், மரம் ஏற்றும் லொறி பாதையை உழுதுவிட்டுப் போகலாம், நாங்கள் மட்டும் ஏன் போகக்கூடாது? ஒரு சிலர் செய்வதற்கு எல்லாரையும் ஏன் துரத்த வேண்டும்? இப்படி இரண்டு பக்கம் எழுதினோம். அதைக் கூட்டத்தில் வாசிக்க ஓர் ஆள் வேண்டும்.

பத்ரிக் என்னைச் சொன்னார். ஒரு பெண் எழுந்து பேசினால் எங்களை ரவுடிகள் என்று சொல்ல முடியாதாம். நீ எழுதுகிறவள், உனக்குப் பேச வரும் என்றார்.

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றேன். அந்த 'சரி'க்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த மண்டபத்துக்கு விழுந்த பெண்ணும் வரக்கூடும். குகன் அண்ணையும் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு இன்னமும் எதுவும் தெரியாது.

அடுத்த நாள் அவர் கடைக்குப் போய்ச் சொன்னேன். ஒரு தொலைபேசிக்குக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். குதிரை, சேணம், நான் சொன்ன பொய். ஒட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நான் என்ன எண்டு கேட்டனான். நீர் ஒண்டுமில்லை எண்டனீர்."

"ஓம் அண்ணை."

அவர் கடைக் கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "உம்மட்டைப் பாஸ்போட் இருக்கு. குடியுரிமை கேட்டுப் போட்ட என்ரை நசியொனாலித்தே பைல் இப்ப பிரிபெக்சர் கந்தோரிலை கிடக்கு. இருபத்திரண்டு வருசம் தங்கச்சி. இதுக்குள்ளை என்ரை பேர் ஒரு பொலிஸ் கடதாசியிலை வந்தால் எல்லாம் முடிஞ்சுது. நீர் அங்கை போய்த் தாளை வாசியும், வந்து இரும். வேறை ஒண்டும் வேண்டாம்."

சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை பிற்பகல். ஊர் மண்டபம் நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் நாங்கள், தோல் ஜாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு நல்ல பிள்ளைகள் போல. மற்றப் பக்கம் ஊர்ச்சனம். நடுவில் நடைபாதை, கலியாண வீட்டில் பெண் பகுதியும் மாப்பிள்ளை பகுதியும் பிரிந்து இருப்பது போல. முதலில் ஒரு வேட்டைக்காரர் பேசினார். பறவைகள் முட்டையிடும் காலம் பற்றி ஓர் ஆசிரியை பேசினார். என் தாள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

பிறகு மேயர் ஒரு பெயரைக் கூப்பிட்டார். மார்த்தீன். கைத்தடியோடு ஒரு பெண் எழுந்தார். அறுபது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரை முடி. கையில் தாள் இல்லை.

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகப் பேசினார். குதிரை வெருண்டது, விழுந்தேன், பன்னச்செடிக்குள் கிடந்தேன். நெஞ்செலும்பும் அடிபட்டதால் சத்தம் வரவில்லை. மோட்டார் சத்தம் கொஞ்ச தூரம் போய்க் குறைந்து நின்றது. நின்றுவிட்டார்கள், வரப்போகிறார்கள் என்று எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா என்றார். இரண்டாவது மோட்டார் சத்தமும் வந்து நின்றது. இரண்டு பேர் பேசுவது கேட்டது. ஒரு பெண், ஓர் ஆண். எனக்குத் தெரியாத மொழி. பிறகு இரண்டு சத்தமும் போய்விட்டன. காளான் பொறுக்க வந்த ஒரு தம்பதி ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கண்டார்கள்.

அவ்வளவுதான் சொன்னார். உட்கார அவருக்கு நேரம் எடுத்தது.

மண்டபத்தில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் முயல்வது எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் தெரியாத மொழி பேசக்கூடிய பெண் எத்தனை பேர்?

மேயர் பத்து நிமிட இடைவேளை விட்டார். பத்ரிக் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். சிகரெட் பற்றவைத்தார். நீதான் என்று அந்தச் செவ்வாயே தெரியும் என்றார். அவருக்கும் ஐந்து மாதம் தூக்கமில்லையாம். இப்போது பேசாமல் இருந்தால் சந்தேகம், அடுத்தது உன் முறை என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். உன் நாட்டைப் பற்றிச் சொல்லு. கண்ணிவெடி. பாதையை விட்டு இறங்கக் கால் மறுக்கிறது என்று அன்றைக்குச் சொன்னாயே, அதைச் சொல்லு. இறங்கிப் பார்க்க முடியவில்லை, பயந்துவிட்டேன் என்று சொல்லு. மண்டபமே அழும்.

நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு பொருத்தமாக இருந்தது! பாதிக் கதை உண்மைகூட. எனக்கே அதை நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு கேள்வி இடறியது. காலுக்குப் பயம் என்றால், வாய்க்கு என்ன நடந்தது? பாதையில் நின்றபடியே யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே. சட்டைப் பையில் தொலைபேசி இருந்தது. அம்புலன்சுக்கு அடித்திருக்கலாமே. அதற்கெல்லாம் பற்றைக்குள் இறங்க வேண்டியதில்லை. நான் பயந்தது பொலிசுக்கு. வெடிக்கு அல்ல.

நாங்கள் எதற்கெல்லாம் போரைக் கூப்பிடுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? கூட்டத்துக்குப் பிந்தி வந்தால் போர். பிள்ளைக்கு அடித்தால் போர். போர் பாவம், வாய் இல்லாதது, எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளும். இதை வாசித்து உங்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். உண்மையிலேயே அங்கே காலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய காலை எடுத்து என் பொய்க்கு முட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

மேயர் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். குகன் அண்ணைக்குச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கத் தாளை விரித்தேன், எழுத்துகள் ஊர்ந்தன. மடித்துவிட்டேன்.

"மதாம், நீங்கள் கேட்ட மொழி தமிழ்" என்றேன். "பேசிய பெண் நான்."

மார்த்தீன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கைத்தடியைப் பார்த்துச் சொன்னேன். வேகமாக வந்தது நான். ஆளில்லாத சேணத்தைக் கண்டேன். யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் போனேன்.

கூடப் பேசிய அந்த ஆண் யார் என்று மேயர் கேட்டார். பின்னால் வந்தவர், எதையும் காணவில்லை, பெயரை நான் இங்கே சொல்லமாட்டேன் என்றேன்.

மார்த்தீன் ஒன்றுதான் கேட்டார். "என்ன பேசினீர்கள்?"

"அவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன்."

"அவ்வளவுதானா? என்னைப் பற்றித்தான் ஏதோ பேசினீர்கள் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்."

"உங்களைப் பற்றித்தான் மதாம்" என்றேன். "ஒன்றுமில்லை என்று."

தாளைப் பத்ரிக்கிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் முழுதையும் வாசித்தார். நல்ல நியாயங்கள். ஒருவரும் கேட்கவில்லை.

மேயர் அன்றே ஜொந்தாம்களுக்கு அறிவித்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாக்குமூலம் கொடுக்க வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை குகன் அண்ணையின் கடைக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் நாளைக்குக் கேட்பார்கள் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. எழுந்து கடைக்குப் பின்னால் உள்ள அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் நின்றேன். திறக்கவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி. "கார்ஜ் ஸ்ரேசனடியிலை நிக்கிறன். வந்து ஏத்தும்."

கோட்டு சூட்டில் நின்றார். கக்கத்தில் ஒரு பைல், இருபத்திரண்டு வருடக் கடதாசி அவ்வளவும். ஏன் அண்ணை வந்தீர்கள் என்று கேட்டேன். காருக்குள் ஏறிப் பெல்ட்டை மாட்ட மூன்று தடவை முயன்றார்.

"தேடி வந்து கதவைத் தட்டுவினம் எண்டு இருக்கிறதைவிட நானே போறது பயம் குறைவு" என்றார்.

பொலிஸ் நிலையத்தில் இளம் ஜொந்தாம் ஒருவர் இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். என் வாக்குமூலத்துக்கு இரண்டு மணி நேரம். குகன் அண்ணையுடையதற்குப் பத்து நிமிடம். பைலைத் திறக்கவே சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவர் மதிலோடு சாய்ந்து நின்று அழுதார். நான் பார்க்காத மாதிரி காரைத் தேடினேன்.

பிறகு காத்திருப்பு. ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்துப் பதிவுத் தபால் துண்டுகள்தான் போன செவ்வாயும் என் கையை ஆட்டியவை. கடைசியில் அரச வழக்கறிஞர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். குகன் அண்ணையின் பைல் இரண்டு வருடம் இழுபட்டது. என்னாலா, வழமையான தாமதமா, யாருக்குத் தெரியும்? அந்த இரண்டு வருடமும் அவர் எங்கள் கடைக்கு முன்னால் வந்தால் எதிர்ப்பக்க நடைபாதையில் போவார். பாஸ்போட் கையில் கிடைத்த அன்றுதான் இந்தப் பக்கம் வந்தார். உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். இதை எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். பேரை மாத்தும், ஆனால் அழுததை எழுதும் என்றார்.

பாதைகள்? ஆறில் நாலை மூடிவிட்டார்கள். மிச்சம் இரண்டிலும் பறவைகள் முட்டையிடும் மாதங்களில் போக முடியாது. சங்கத்தில் சிலர் என்னோடு இன்னமும் பேசுவதில்லை. நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இரண்டைத்தான் மூடியிருப்பார்கள் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். இருக்கலாம். அவர் கணக்குத் தப்பென்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த நாலு பாதையிலும் ஒழுங்காக ஓடியவர்கள் அவர்கள். தப்பாக ஓடியவள் நான்.

மார்த்தீனுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது, இரண்டு வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, எனக்கு இன்னும் நேரம் வேண்டும். அவர் மன்னித்தாரா என்று கேட்டுக் கடிதம் போடாதீர்கள். நானே அவரிடம் கேட்கவில்லை.

இப்போதும் ஓடுகிறேன். மிச்சமிருக்கிற இரண்டு பாதையில், மெதுவாக. பத்ரிக்கும் வருகிறார். தூரத்தில் குதிரை கண்டால் எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைக் காட்டி, காலை வணக்கம் சொல்லிவிட்டு அது போகும்வரை நிற்கிறேன். சிலர் பதிலுக்குச் சொல்வார்கள். சிலர் சொல்வதில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகும்? போன வாரம் லிப்ட் கடிதத்துக்கே நடுங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது? எங்களில் முக்கால்வாசிப் பேர் பயந்துதான் வாழ்கிறோம் — கடதாசிக்கு, பொலிசுக்கு, சனத்தின் வாய்க்கு. பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பயந்தால் ஓடுங்கள். ஓட முன், யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.